ரெண்டுங்கெட்டான் கை

இனிமேல் ராஜாவே நேரில் வந்தாலும் மதிப்பதில்லை என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கண்ணாடிக்காரர் முடிவெடுத்தார்.

முடிவெடுத்த இடம் சமையலறை. அப்போது அவர் கை முழுக்க சோப்பு நுரை. தொட்டி நிறைய டீக் கோப்பைகள்.

ராஜா என்றால் சீட்டுக்கட்டு ராஜாதான். கண்ணாடிக்காரர் என்பது அக்கம்பக்கத்தார் வைத்த பெயர். அடுக்குமாடிக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவருக்கு மூக்குக்கண்ணாடிக் கடை, மூன்றாவது மாடியில் வீடு. வருகிறவர்களின் மூக்கில் இரும்புச் சட்டம் ஒன்றை மாட்டி, வில்லைகளை மாற்றி மாற்றிச் செருகி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று பகல் முழுக்கக் கேட்டுக்கொண்டிருப்பது அவர் தொழில். அடுத்தவர் பார்வையில் இம்மியளவு கோளாறு இருந்தாலும் பிடித்துவிடுவார். தன் வீட்டுக்குள் நடப்பது மட்டும் அவர் கண்ணில் சுலபத்தில் படாது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் அவர் வீட்டு முன்னறையில் போக்கர் ஆட்டம். அவருடன் ஆட வருபவர்கள் இரண்டு பேர். ஒருவர் மேல்மாடியில் குடியிருக்கும் லிஃப்ட் மெக்கானிக். மற்றவர் எதிர் வீட்டுப் பல் டாக்டரம்மா. காசு வைத்து ஆடுவதில்லை. கண்ணாடிக்காரரின் மனைவி வீட்டிலேயே தையல் வேலை செய்பவள், அவளுடைய டப்பாவில் உள்ள பொத்தான்களைப் பங்கு போட்டு ஆடுவார்கள். பொத்தான் தீர்ந்து தோற்பவர் எல்லாருடைய கோப்பைகளையும் கழுவ வேண்டும். அந்த வகையில் அந்த வீட்டில் கண்ணாடிக்காரர் கை படாத கோப்பை கிடையாது.

போக்கர் ஒன்றும் பெரிய கம்பசூத்திரம் இல்லை. முதலில் ஆளுக்கு ஒரு பொத்தான் நடுவில் வைத்தாக வேண்டும். பிறகு ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். அதற்குப் பெயர் 'கை'. அதன்பின் எல்லாருக்கும் பொதுவாக நடுவில் ஐந்து சீட்டு திறக்கும். தன் கையும் பொதுச் சீட்டும் சேர்ந்து யாருக்கு நல்ல ஜோடி அமைகிறதோ அவர் குவியலை அள்ளிக்கொள்ளலாம். இடையில் யார் வேண்டுமானாலும் பொத்தான்களைக் கூட்டி வைக்கலாம். அது 'ஏத்துவது'. ஈடு கொடுக்கத் தைரியம் இல்லாதவர் சீட்டைக் கவிழ்த்துவிட்டு ஒதுங்கலாம். அது 'மடக்குவது'. மற்றவர்கள் எல்லாரும் மடக்கிவிட்டால், ஏத்தியவர் தன் கையில் என்ன இருந்தது என்று யாருக்கும் காட்ட வேண்டியதில்லை. இந்தக் கடைசி விதியைப் பற்றிக் கண்ணாடிக்காரர் அதிகம் யோசித்ததில்லை.

அவருடைய பலவீனம் ராஜா. கையில் ஒரு ராஜா வந்துவிட்டால் போதும், கூட இருப்பது ஒன்பதா நாலா என்று பார்க்கமாட்டார். "ராஜாவைப் போய் எப்படிங்க கைவிடறது?" என்று உள்ளே இறங்குவார். லிஃப்ட்காரர் உடனே ஏத்துவார். "ஏத்துறதும் இறக்குறதும்தானே அண்ணே நம்ம பொழப்பு" என்பார். கண்ணாடிக்காரர் விடாமல் கூடவே போவார். கடைசியில் டாக்டரம்மா, "கொஞ்சம் வலிக்கும், பொறுத்துக்குங்க" என்று மென்மையாகச் சொல்லிவிட்டு இரண்டு பேரிடமும் இருப்பதைப் பிடுங்கிக்கொள்வார்.

இப்படியே எத்தனை நாள் கழுவுவது? ஒரு நாள் கடையில் ஆள் வராத நேரத்தில் கண்ணாடிக்காரர் ஃபோனைத் தடவிக்கொண்டிருந்தார். அதில் ஒரு மொட்டைத்தலைக்காரர் போக்கர் பற்றிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தார். அதைக் கேட்கக் கேட்க நம் ஆளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ஏதோ தன்னைப் பற்றித் தன் முன்னாலேயே பேசுவது போல இருந்தது.

மொட்டைத்தலைக்காரர் சொன்னது இதுதான். மோசமான கை வந்தால் எல்லாரும் மடக்கிவிடுகிறார்கள், அதனால் நஷ்டமில்லை. அருமையான கை வந்தால் எப்படி ஆடினாலும் பாதகமில்லை. ஆளைக் குப்புறத் தள்ளுவதெல்லாம் இடையில் இருக்கும் கைதான். ராஜாவும் ஒன்பதும். ராணியும் எட்டும். பார்க்க லட்சணமாக இருக்கும், நம்பிப் போனால் நடுத்தெருவில் நிறுத்தும். கண்ணாடிக்காரர் அந்த இடத்திலேயே அதற்கு 'ரெண்டுங்கெட்டான் கை' என்று பெயர் வைத்தார்.

அதை எப்படி ஆடுவது? ஏத்துவதா மடக்குவதா என்று முதலில் பேச வேண்டிய முறை வந்தால் மடக்கிவிடு. கடைசியில் பேசும் முறை வந்தால், முன்னால் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்று பார். யாரும் ஏத்தவில்லையென்றால் சல்லிசாக உள்ளே போ. யாராவது ஏத்திவிட்டால் மறுபேச்சுப் பேசாமல் மடக்கு.

அன்றைக்குக் கடைக்கு வந்தவர்களை எல்லாம் அவர் சீக்கிரமாக அனுப்பிவைத்தார்.

அடுத்த ஞாயிறு ஆட்டத்தில் கண்ணாடிக்காரர் மடக்கினார். மறுபடி மடக்கினார். மடக்கிக்கொண்டே இருந்தார்.

"என்ன அண்ணே, சீட்டாட வந்தீங்களா, துணி மடிக்க வந்தீங்களா?" என்றார் லிஃப்ட்காரர்.

கண்ணாடிக்காரர் புன்னகை செய்தார். ராஜாவும் ஒன்பதும் வந்தது. லிஃப்ட்காரர் ஏத்தியிருந்தார். ராஜாவைக் கவிழ்க்கும் முன் கண்ணாடிக்காரர் ஓரத்தை இன்னொரு முறை நிமிர்த்திப் பார்த்தார். ஆனாலும் கவிழ்த்தார். பிறகு இரண்டு ஏஸ் வந்தபோது ஏத்தினார். லிஃப்ட்காரர் வழக்கம்போலச் சிரித்துக்கொண்டே கூடவே வந்து மாட்டிக்கொண்டார். அன்று அந்தி சாயும் முன்பே லிஃப்ட்காரர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு கோப்பைகளை எடுத்தார்.

அதற்கடுத்த வாரமும் அப்படியே. அதற்கடுத்த வாரம் டாக்டரம்மாவே கழுவினார். ஒவ்வொரு கோப்பையையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, உள்ளே சொத்தை இருக்கிறதா என்று தேடுவது போலக் கழுவினார்.

ஜெயிப்பதில் ஒரு சங்கடம் உண்டு. யாரிடமாவது சொல்லியாக வேண்டும். தோற்ற இரண்டு பேரிடமும் ரகசியத்தைச் சொல்ல முடியாது. கடைக்கு வருகிறவர்கள் கண் தெரியவில்லை என்று வருகிறார்களே தவிர, கதை கேட்க வருவதில்லை. மிச்சம் இருந்தது மனைவி ஒருத்திதான். அவள் போக்கர் ஆடியதில்லை. ஆகவே அவளிடம் சொல்வதில் ஆபத்து இல்லை என்று கண்ணாடிக்காரர் கணக்குப் போட்டார்.

சாப்பாட்டு மேஜையில் பாடம் ஆரம்பமானது.

"இன்னிக்கு எனக்கு வந்த கை எல்லாம் மோசம்" என்றார்.

"வலிக்குதா? எண்ணெய் தடவி விடட்டுமா?"

"அந்தக் கை இல்லை. சீட்டுக் கை. மோசமான கையை வெச்சுக்கிட்டே ஜெயிச்சேன். எப்படின்னு கேளு."

"எப்படி?" என்றாள் மனைவி. ஒரு பாவாடையின் ஓரம் மடித்து அடித்துக்கொண்டிருந்தாள். ஊசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"ரெண்டுங்கெட்டான் கை வந்தா மடக்கிடுவேன்."

"ரெண்டுங்கெட்டான்னா?"

"ராஜாவும் ஒன்பதும்னு வெச்சுக்க. நல்லதுன்னும் சொல்ல முடியாது, கெட்டதுன்னும் சொல்ல முடியாது."

"நம்ம கட்டில் மாதிரி."

"கட்டில் எங்கே வந்தது? கேளு. யாராவது ஏத்திட்டாங்கன்னா நான் மடக்கிடுவேன். அவ்வளவுதான் ரகசியம்."

"ஏத்தினவங்க கையில ஒண்ணுமே இல்லைன்னா?"

"அது நமக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாதுல்ல."

"தெரியாது. அதனாலதான் மடக்கணும். சந்தேகம்னு வந்துட்டா மடக்கு."

"எப்பவுமா?"

"எப்பவும்."

"அப்ப நீங்க எப்ப ஏத்துவீங்க?"

"நிஜமாவே பெரிய கை இருந்தா மட்டும்தான். நான் பொய்க்கு ஏத்தற ஆளே கிடையாது. அது என் கௌரவம்."

"ஆமாமா" என்றாள் மனைவி. நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். "ராஜாவும் ஒன்பதும் வெச்சு ஆடினா என்னதான் ஆயிடும்?"

"நடுவுல ஒரு ராஜா விழுந்துச்சுன்னு வை. எனக்கு ராஜா ஜோடி சேர்ந்தாச்சு. எதிராளி கையிலயும் ஒரு ராஜா இருந்தா அவனுக்கும் ஜோடி. அப்போ பக்கத்துச் சீட்டைப் பார்ப்பாங்க. அதுக்குத் துணைன்னு பேரு. எவன் துணை பெரிசோ அவன் ஜெயிப்பான்."

"ராஜா ஜெயிக்கறதே துணையாலதானா?"

"சீட்டுல அப்படித்தான்."

"சீட்டுல மட்டுமா?" என்று அவள் அடுத்த பாவாடையை எடுத்தாள்.

இப்படி ஒவ்வொரு வேளைச் சாப்பாட்டிலும் அவர் தன் ஆட்டத்தை வில்லை வில்லையாகக் கழற்றி அவள் முன் வைத்தார். அவள் கேட்ட கேள்விகளில் சில அவருக்கே தோன்றாதவை. ஒரு பாமரத்தனமான ஆர்வம் என்று அதை எடுத்துக்கொண்டார்.

அந்தச் சமயத்தில்தான் ஹோட்டல் வேலை வந்தது. ரயில் நிலையத்துக்கு எதிரே புதிதாகத் திறக்கப்போகும் ஹோட்டலில் வேலை பார்க்கிறவர்கள் அனைவருக்கும் சீருடை தைக்க வேண்டும். இவள் முன்பு தைத்துக் கொடுத்த கோட்டு ஒன்றை யாரோ போட்டிருக்க, அதைப் பார்த்த ஹோட்டல் மேனேஜர் விசாரித்துக்கொண்டு வந்திருந்தார். இதுவரை பாவாடை ஓரமும் பேன்ட் ஜிப்பும் தைத்துக்கொண்டிருந்தவளுக்கு அது பெரிய வாய்ப்பு. ஆனால் அவளுடைய மெஷின் இருந்தது படுக்கையறை மூலையில், அலமாரிக்கும் சுவருக்கும் நடுவே. பகலிலும் விளக்குப் போட வேண்டும். துணியை விரித்து வெட்ட இடம் கிடையாது. கட்டிலின் மேல் போட்டு வெட்டி ஒருமுறை படுக்கை விரிப்பையும் சேர்த்து வெட்டியிருக்கிறாள்.

வீட்டில் வெளிச்சமான இடம் ஒன்றே ஒன்றுதான். முன்னறை. தெருவைப் பார்த்த அகலமான ஜன்னல். அதன் கீழே, வாரத்தில் ஆறு நாள் சும்மாவே கிடக்கும் வட்ட மேஜை. அதன் மேல் பச்சைத் துணி.

"ஏங்க, முன்னறையை எனக்குக் கொடுத்துடுங்களேன்" என்றாள்.

"முன்னறையா? அது சீட்டாடற ரூம்."

"வாரத்துல ஒரு நாள்தானே ஆடறீங்க?"

"ஆடாத நாள்ல அது அடுத்த ஆட்டத்துக்குக் காத்திருக்கு."

"ரூம் காத்திருக்குதா?"

"ஒரு பேச்சுக்குச் சொன்னேன். நாலு பேர் வந்து போற இடம். அங்கே துணி மூட்டையைப் போட்டா நல்லாவா இருக்கும்?"

"ரெண்டு பேர்தானே வர்றாங்க. அவங்களும் கோப்பை கழுவிட்டுப் போறாங்க."

கண்ணாடிக்காரர் தன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். வசமாக மாட்டிக்கொண்டால் அதைத் துடைப்பது அவர் வழக்கம். துடைத்தார்.

மனைவி சண்டை போடவில்லை. அழவில்லை. பாத்திரம் எதுவும் சத்தமாக வைக்கப்படவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை டீ கொண்டுவந்து வைத்தவள், அப்படியே நின்று ஆட்டத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்காரர் பெரிய குவியல் ஒன்றை அள்ளிக்கொண்டிருந்தார்.

"உங்களை யாருமே ஜெயிக்க முடியாது போலிருக்கே" என்றாள்.

"என்னையா?" என்றார் கண்ணாடிக்காரர். தோள் இரண்டும் தானாக உயர்ந்தது.

"நான் எல்லாம் ஒரு நிமிஷம்கூடத் தாக்குப்பிடிக்க மாட்டேன். பாவம், இவங்க ரெண்டு பேரும் வாராவாரம் எப்படித்தான் உட்கார்றாங்களோ."

"அண்ணி, நீங்களும் உட்கார்ந்து பாருங்க" என்றார் லிஃப்ட்காரர். "எங்களுக்குத்தான் துணிச்சல் போச்சு."

"ஐயையோ, எனக்கு எங்கே ஆடத் தெரியும். நம்ம வீட்டுல தீராத விஷயம் ஒண்ணு இருக்கு, அதையே என்னால பேசித் தீர்க்க முடியல."

"என்னம்மா விஷயம்?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"ஒண்ணுமில்ல. இந்த ரூம் யாருக்குங்கறது."

மூன்று பேரும் கண்ணாடிக்காரரைப் பார்த்தார்கள். சபையில் வைத்து மாட்டேன் என்றால் கல்நெஞ்சக்காரன் ஆவார். சரி என்றால் ரூம் போகும். அந்த நெருக்கடியில் அவருக்குப் பளிச்சென்று ஒரு யோசனை உதித்தது. உலகத்தில் வேறு யாருக்கும் உதிக்க முடியாத யோசனை என்று அவர் நினைத்தார்.

"ஆடியே தீர்த்துக்கலாமே" என்றார். "நீயும் நானும். நீ ஜெயிச்சா ரூம் உனக்கு. நான் ஜெயிச்சா அப்புறம் இந்தப் பேச்சே எடுக்கக் கூடாது."

"என்கூடவா? எனக்கு ஏத்தவும் தெரியாது, இறக்கவும் தெரியாது."

"நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கேனே."

"சாப்பிடும்போது காதுல விழுந்தது. அவ்வளவுதான்."

"அது போதும்" என்றார் கண்ணாடிக்காரர், பெருந்தன்மையாக.

மனைவி தயங்கினாள். டாக்டரம்மா, "பயப்படாதீங்க, ஊசி மாதிரிதான், ஒரு நிமிஷம்" என்று தைரியம் சொன்னார். கடைசியில் அவள் ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். பொத்தான்களைச் சரிபாதியாகப் பிரித்தார்கள். சீட்டைப் போடும் பொறுப்பு லிஃப்ட்காரருக்கு. டாக்டரம்மா நடுவர்.

முதல் கை. கண்ணாடிக்காரருக்கு ராணியும் எட்டும். மனைவி முதலில் பேச வேண்டும்.

"ஏத்தறேன்" என்றாள், சீட்டைப் பிடிக்கவே தெரியாதவள் மாதிரி பிடித்துக்கொண்டு.

ராணியும் எட்டும் சாட்சாத் ரெண்டுங்கெட்டான் கை. எதிராளி வேறு ஏத்திவிட்டாள். விதி தெளிவு. மடக்கினார். நடுவில் இருந்த பொத்தான்களை அவள் இழுத்துக்கொண்டாள்.

இரண்டாவது கையில் அவர் முதலில் பேச வேண்டியிருந்தது. ஜாக்கியும் ஆறும். முதலில் பேசும்போது ரெண்டுங்கெட்டான் கை ஆகாது. மடக்கினார்.

மூன்றாவது கை, ஏஸும் மூன்றும். ஏஸ் என்றாலும் கூட இருப்பது சுள்ளான். "ஏத்தறேன்" என்றாள் மனைவி. மடக்கினார்.

"அண்ணி ஜமாய்க்கறாங்க" என்றார் லிஃப்ட்காரர்.

"ஏஸையே மடக்க வேண்டியதாப் போச்சு. ஆரம்பத்துல நல்ல கை வர்றது சகஜம். போகப் போகத் தெரியும்" என்றார் கண்ணாடிக்காரர்.

போகப் போகத் தெரிந்தது வேறு. அவள் ஏத்திக்கொண்டே இருந்தாள். அவர் மடக்கிக்கொண்டே இருந்தார். மொட்டைத்தலைக்காரர் ஒரு விஷயத்தைச் சொல்ல மறந்திருந்தார், அல்லது அவர் சொன்னபோது கண்ணாடிக்காரர் கடை வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருப்பார். நிறையப் பேர் ஆடும்போது காத்திருப்பவனுக்கு லாபம். எதிரே ஒரே ஒரு ஆள் இருக்கும்போது, வருகிற கையில் பெரும்பாலானவை ரெண்டுங்கெட்டான்தான். அதை எல்லாம் மடக்குகிறவன், ஒவ்வொரு முறையும் முதலில் வைத்த பொத்தானைத் தட்டில் வைத்து எதிராளிக்கு நீட்டுகிறான்.

கண்ணாடிக்காரர் பக்கத்துக் குவியல் கரைந்தது. சட்டைப் பொத்தான்கள் போயின. கோட்டுப் பொத்தான்கள் போயின.

அப்போதுதான் அவருக்கு இரண்டு ராணி வந்தது. கையிலேயே ஜோடி. காத்திருந்தது வீண் போகவில்லை. முகத்தை மரம் மாதிரி வைத்துக்கொண்டு, "ஏத்தறேன்" என்றார்.

மனைவி தன் சீட்டைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. "மடக்கிட்டேன்" என்றாள்.

"ஏன்?" என்றார் கண்ணாடிக்காரர். அடக்க முடியாமல் கேட்டுவிட்டார்.

"நீங்க ஏத்தினா நிஜமா இருக்கும்ல. நீங்கதான் பொய்க்கு ஏத்த மாட்டீங்களே."

அவருக்குக் கிடைத்தது நடுவில் இருந்த இரண்டே பொத்தான். அதில் ஒன்று அவர் வைத்தது.

"ரெண்டு ராணி!" என்று சீட்டைத் திருப்பிக் காட்டினார்.

"நல்ல கைங்க" என்றாள் மனைவி, உண்மையான பாராட்டுடன்.

டாக்டரம்மா மேல் உதட்டைக் கடித்துக்கொண்டார். லிஃப்ட்காரர் கூரையைப் பார்த்தார். கண்ணாடிக்காரரின் காது மடல் சிவக்க ஆரம்பித்தது. இவள் கையில் ஒன்றுமே இல்லை! இவ்வளவு நேரமும் ஒன்றுமே இல்லாமல்தான் ஏத்திக்கொண்டிருந்திருக்கிறாள்! அடுத்தவர் கண்ணில் இருக்கிற கோளாறை எல்லாம் கண்டுபிடிக்கிற தனக்கு இது இத்தனை நேரம் தெரியாமல் போயிற்றே. இனி ஏத்தட்டும், பார்க்கலாம்.

அடுத்த கையில் அவள் ஏத்தவில்லை. பேசாமல் மடக்கினாள். அதற்கடுத்த கையிலும் மடக்கினாள். பயந்துவிட்டாள் என்று எடுத்துக்கொண்டார். நிமிர்ந்து உட்கார்ந்தார்.

லிஃப்ட்காரர் மீண்டும் சீட்டைப் போட்டார். கண்ணாடிக்காரர் ஓரத்தை மெல்ல நிமிர்த்திப் பார்த்தார். ராஜா. கூட ஒன்பது.

"ஏத்தறேன்" என்றாள் மனைவி.

அவருக்குத் தெரியும், மடக்க வேண்டிய கை அது. ராஜாவும் ஒன்பதும்தான் அவர் பாடத்தின் முதல் வரி. ஆனால் ராஜா கையில் இருந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தார், மீசையோடும் வாளோடும். எதிரே இருப்பவள் வெறுங்கையால் முழம் போடுகிறவள். இன்னும் எத்தனை தடவை மடக்குவது? கண்ணாடிக்காரர் தன்னிடம் மிச்சமிருந்த பொத்தான்கள் அத்தனையையும் இரு கையாலும் தள்ளி நடுவில் சேர்த்தார்.

"எல்லாம்!" என்றார்.

"எல்லாமேவா?" என்றாள் மனைவி. "யோசிச்சுக்குங்க."

அந்த ஒரு வார்த்தை அவரை முழுக்கக் கவிழ்த்தது. பயமுறுத்திப் பார்க்கிறாள்! "யோசிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல. உனக்குத் தைரியம் இருந்தா வை."

"சரி" என்று அவளும் அதே அளவு எண்ணி வைத்தாள்.

லிஃப்ட்காரர் நடுவில் சீட்டுகளைத் திறந்தார். முதலில் நாலு. அடுத்து ராஜா.

"ராஜா!" என்று நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார் கண்ணாடிக்காரர். "ராஜா வந்தாச்சு! ஜோடி சேர்ந்தாச்சு! பார்த்துக்க!"

அடுத்து ஏழு. பிறகு இரண்டு. கடைசியில் மூன்று. யாருக்கும் உதவாத சில்லறைகள். கண்ணாடிக்காரர் தன் ராஜாவையும் ஒன்பதையும் மேஜையில் அறைந்து வைத்தார்.

மனைவி ஒரு சீட்டைத் திருப்பினாள். இன்னொரு ராஜா.

கண்ணாடிக்காரர் மெல்ல உட்கார்ந்தார்.

"அப்போ ரெண்டு பேருக்கும் ராஜா ஜோடி" என்றார் லிஃப்ட்காரர். "அண்ணனுக்குத் துணை ஒன்பது. அண்ணி, உங்க துணை?"

அவள் அடுத்த சீட்டைத் திருப்பினாள். ஜாக்கி.

"துணை ஜெயிச்சாச்சு" என்று தீர்ப்புச் சொன்னார் டாக்டரம்மா.

எல்லாரும் போன பிறகு கண்ணாடிக்காரர் சமையலறையில் கோப்பை கழுவினார். மனைவி பக்கத்தில் நின்று துடைத்து வைத்தாள்.

"ஒண்ணு கேக்கட்டுமா?" என்றார்.

"கேளுங்க."

"முன்னாடி எல்லாம் ஏத்தினியே. கையில என்ன வெச்சிருந்தே?"

"குப்பை."

"எல்லாமேவா?"

"ஒரு தடவை ரெண்டும் அஞ்சும் இருந்தது. நீங்க ஏஸை மடக்கினீங்களே, அப்போ."

கண்ணாடிக்காரர் ஒரு கோப்பையை வேண்டிய அளவுக்கு மேல் தேய்த்தார்.

"அப்புறம் ஏன் நடுவுல ஏத்தறதை நிறுத்தினே?"

"உங்க காது சிவந்துடுச்சு. இனிமே மடக்க மாட்டீங்கன்னு தெரிஞ்சது. அதுக்கு மேல குப்பையை வெச்சுக்கிட்டு ஏத்தினா மாட்டிக்குவேன்ல? நிஜமான கை வர்ற வரைக்கும் பேசாம இருந்தேன்."

"இதெல்லாம் யார் உனக்குச் சொல்லிக்கொடுத்தது?"

"நீங்கதான். வேற யாரு எனக்கு இருக்காங்க?"

அதில் கேலி இருக்கிறதா என்று அவர் அவள் முகத்தைப் பார்த்தார். கேலி எதுவும் இல்லை. அதுதான் அதிகமாக வலித்தது.

"சரி, ஒருவேளை நீ தோத்துப்போயிருந்தா? ஹோட்டல் வேலையை விட்டிருப்பேல்ல?"

"எப்படி விடறது? வெள்ளிக்கிழமையே சரின்னு சொல்லிட்டேனே. துணி மூட்டை எல்லாம் டாக்டரம்மா வீட்டுல இருக்கு. லிஃப்ட் தம்பிதான் மேல கொண்டுவந்து வெச்சார்."

"ஆட்டம் ஆடறதுக்கு முன்னாடியேவா?"

"தோத்திருந்தா இன்னொரு ஆட்டம் கேட்டிருப்பேன். ஜெயிச்ச சந்தோஷத்துல நீங்க மாட்டேன்னா சொல்லியிருப்பீங்க?"

மாட்டேன் என்று சொல்லியிருக்க மாட்டார். அது அவருக்கே தெரிந்தது.

மறுநாளே பச்சைத் துணி மடங்கியது. வட்ட மேஜை படுக்கையறை மூலைக்குப் போனது. ஜன்னலடியில் மெஷின் வந்தது, நடுவில் துணி வெட்டும் நீளப் பலகை வந்தது. அந்த வெளிச்சத்தில் மனைவி ஊசியில் நூல் கோத்ததைப் பார்த்தபோது கண்ணாடிக்காரருக்கு ஒரு கணம் உறுத்தலாகத்தான் இருந்தது. ஒரே தடவையில் கோத்துவிட்டாள். படுக்கையறையில் அவள் மூன்று நான்கு தடவை எச்சில் தொட்டு முறுக்கிக்கொண்டிருந்ததை அவர் பார்த்திருக்கிறார். ஆனால் கவனித்ததில்லை.

அந்த உறுத்தலில்தான் மாதிரிச் சீருடை தயாரானதும், "கொஞ்சம் போட்டுக் காட்டறீங்களா? ஆள் உடம்புல பார்த்தாத்தான் தோள்பட்டை தெரியும்" என்று அவள் கேட்டபோது அவர் உடனே ஒத்துக்கொண்டார். வெள்ளைச் சட்டை, கறுப்பு அரைக்கோட்டு, கழுத்தில் வண்ணத்துப்பூச்சி முடிச்சு. கண்ணாடியில் பார்த்துக்கொண்டார். மோசமில்லை. கொஞ்சம் கம்பீரமாகக்கூட இருந்தது.

அழைப்பு மணி அடித்தது. வாயில் குண்டூசி வைத்திருந்த மனைவி கையைக் காட்ட, அவரே போய்க் கதவைத் திறந்தார். வெளியே ஹோட்டல் மேனேஜர், மாதிரியைப் பார்க்க வந்திருந்தார். கண்ணாடிக்காரரை ஏற இறங்கப் பார்த்தார். தலையை ஆட்டித் தன் குடையை அவர் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போய், ஜன்னலோரம் இருந்த நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"ரொம்பப் பிரமாதம்" என்றார் மேனேஜர், அறையை ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு. பிறகு கண்ணாடிக்காரர் பக்கம் லேசாகத் திரும்பி, "ஒரு டீ. சர்க்கரை கம்மியா" என்றார்.

கண்ணாடிக்காரர் குடையோடு நின்றார். தான் யார் என்பதை இப்போதாவது அந்த மனிதருக்கு எடுத்துச் சொல்லும்படி, கண்ணாலேயே மனைவியைக் கெஞ்சினார்.

மனைவி குண்டூசிகளை வாயிலிருந்து எடுத்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

"ரெண்டா கொண்டு வாங்க" என்றாள்.